பொக்கெட்டில் இருக்கிற கார்டும் தலைக்கு மேலே இருக்கிற கியர் பொக்ஸும்

போன கிழமை கல்லடியில் இருந்து அக்காவின் மகன் வந்திருந்தான். கட்டாரில் கடலுக்குள்ளே எண்ணெய் எடுக்கிற ரிக்கில் சாரம் கட்டுகிற ஸ்கபோல்டிங் வேலையாம். "ரிக்குக்கு ஹெலியிலதான் கொண்டு போவாங்களாம் மாமா, பயமில்லையா?" என்று கேட்டான். ஐந்து வருடம் அப்படிப் போய் வந்தவன் நான். பயமில்லை என்று சும்மா சொல்லிவிட்டிருக்கலாம், வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஹெலி என்றாலே வேறு ஞாபகம். யுத்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவா. முதல் நாள் வேலைக்காக ஏறி பெல்ட் கட்டியபோது எனக்கு மூக்கில் அடித்தது அந்தப் பங்கர் மண் வாசம்தான். அது கிடக்கட்டும்.

ஏறுவதற்கு முதல் ஹியூவெட் என்று ஒரு பயிற்சி முடிக்க வேண்டும். நீச்சல் தடாகத்துக்கு மேலே ஹெலியின் கூடு போல ஒன்று தொங்கும். ஆட்களை உள்ளே வைத்துக் கட்டி, தண்ணீருக்குள் இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். ஹெலிக்கு இன்ஜின், கியர் பொக்ஸ், விசிறி என்று பாரமெல்லாம் மேலே. மிதவைப் பை விரிந்தாலும் அலை பலமாக அடித்தால் புரண்டுவிடும். வாவியில் குதித்து வளர்ந்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்றுதான் நானும் இறங்கினேன். புரண்ட கையோடு மூக்குக்குள் தண்ணீர். மேல் எது, கீழ் எது தெரியவில்லை. ஒரு கை ஜன்னல் விளிம்பை விடக்கூடாது, கூடு அசையாமல் நிற்கும்வரை பொறுக்க வேண்டும், ஜன்னலைத் தள்ளிய பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நான் பதறிப்போய் பெல்ட்டை முதலில் கழற்றினேன். உடம்பு மிதந்துபோய், அப்போது மேலே இருந்த தரையில் தலை முட்டியது. பெல்ட் இல்லாமல் ஜன்னலைத் தள்ளப் பிடிமானமும் இல்லை. பயிற்சிக்காரர்தான் இழுத்தெடுத்தார்.

ஆகவே அந்தப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஜூனில் மும்பைக் கடலில், ரிக்குக்குக் கிட்டப் போன ஹெலி விழுந்தபோது ஏறியிருந்த 9 பேரில் 5 பேர் மீண்டார்கள். எனக்குக் கோபம் வருவது, பயிற்சி முடிந்து தரும் கார்டைப் பார்த்துவிட்டு ஏஜென்சிக்காரரும் கொம்பனிக்காரரும் 'சேஃப்டி ஓகே' என்று தலையாட்டும்போதுதான். நான்கு வருடத்துக்கு அது செல்லும். ஆனால் ஹெலிக்குக் கோளாறு வந்த பிறகு நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. கோளாறு ஏன் வந்தது என்று கேட்க அதில் இடமில்லை.

2009 மார்ச்சில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் ஹெலி விழுந்து 17 பேர் செத்தார்கள், ஒருவர் மட்டும் பிழைத்தார். கியர் பொக்ஸின் எண்ணெய் வடிகட்டியைப் பிடித்திருந்த சின்னச் சின்ன டைட்டானியம் ஆணிகள் முறிந்து, எண்ணெய் கொட்டிவிட்டது. எண்ணெய் இல்லாமலும் 30 நிமிடம் ஓடும் என்ற நினைப்பு பரவலாக இருந்த ரகம் அது. அழுத்தம் விழுந்து ஏறத்தாழ 11 நிமிடத்தில் கடலில் விழுந்தது. 2016 ஏப்ரலில் நோர்வேயில் கியர் பொக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் வெடிப்பு விட்டு உடைந்து, மேல் விசிறியே கழன்று பறந்தது. 13 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களுடைய பொக்கெட்டில் கார்ட் இருந்து என்ன செய்ய?

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம்முடைய பொடியன்கள் கேட்க வேண்டும். நோர்வேயில் விழுந்த ரகம் பறக்கக்கூடாது என்று போட்டிருந்த தடை 2017 இல் நீங்கியது. பிரித்தானியாவுக்கும் நோர்வேக்கும் நடுவில் இருக்கிற வடகடலில் வேலை செய்யும் தொழிலாளர்களோ ஏறத் தயாராக இல்லை. சங்கங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கொம்பனிகள் வேறு ரகம் பார்த்துக்கொண்டன. பிரித்தானியப் பக்கம் இப்போது தோள் அகலத்தையும் அளந்து, அகலமான ஆளைப் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் இருத்துகிறார்கள்.

எங்களுக்கு? ஒரு நாள் காலையில் எங்களை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த நேபாளிப் பொடியன் என் முகத்தைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது எல்லாரும் ஏறினோம். ஏறமாட்டேன் என்றால் அடுத்த டிக்கெட் கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். சப்-கொன்ட்ராக்ட் ஆளுக்கு ஏது சங்கம்?

ஹெலியில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான தரம் போய் வந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். போட்டில் போய்க் கிரேன் தூக்குகிற கூடைக்குள் தொங்கி ரிக்குக்கு ஏறுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. ஏற மறுத்தால் வேலை போகாது என்று கையில் தரும் கடதாசியில் ஒரு வரி இருக்கட்டும், ஏற்றி இறக்கினால் காரணம் சொல்லட்டும், அவ்வளவுதான்.

மருமகனிடம் இதைச் சொல்லி, ஏஜென்சியில் கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறான். "தம்பி, போற பொடியன்கள் எல்லாம் போறாங்கள்தானே, முதல்ல மெடிக்கல முடி, மறுகா பாப்பம்" என்றார்களாம்.

செவ்வாய்க்கிழமை மெடிக்கல்.