பி.இ.யை ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனவனின் அக்கா எழுதுகிறேன்

முந்தாநாளிலிருந்து, ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை எனக்குப் பத்துப் பேராவது அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். "தெருவுக்குப் பத்து பட்டதாரி இருக்கான், வெல்டிங் அடிக்க ஒருத்தன் இல்ல, எல்லாரையும் படிக்க வச்சுக் கெடுத்துட்டாங்க" என்று அவர் சொன்னதும் அரங்கமே கை தட்டியதே, அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

படிக்க வைத்துக் கெடுத்துவிட்டார்களாம். யாரை? எங்களையா?

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். அம்மா ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். எங்கள் பக்கம் அதை யாரும் ஃபேக்டரி என்று சொல்லமாட்டோம், ஆபீஸ்தான். விடிவதற்கு முன்பே ஊருக்குள் பஸ் வந்து நிற்கும், பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிவிடுவார்கள், கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்க. மூன்றாவதோடு அம்மாவின் படிப்பு முடிந்தது அப்படித்தான். அவர்தான் என்னை பி.எஸ்சி. கணிதம் வரைக்கும், தம்பியை பி.இ. மெக்கானிக்கல் வரைக்கும் படிக்க வைத்தார். இதில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. இது தானாக வந்ததில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2007-ல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை நீக்கியது, 2010-ல் குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்குக் கட்டணத்தில் கொடுத்த முதல் பட்டதாரி சலுகை என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்த எண் அது. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ப்ளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு டீக்கடையில் கூட தேர்ச்சி சதவீதத்தைத்தான் பேசுவார்கள். அதைப் போய்க் கெடுதல் என்று ஒருவர் மேடையில் சொல்கிறார், நாம் கை தட்டுகிறோம்.

சரி, தம்பி கதைக்கு வருகிறேன். நான் 2010-ல் டிகிரி முடித்தேன், வீட்டில் முதல் பட்டதாரி. சலுகை வருவதற்குள் என் படிப்பு முடிந்துவிட்டது, எனக்கு ஒரு ரூபாயும் கிடைத்ததில்லை. ஆனால் 2011-ல் தம்பி கவுன்சலிங் போனபோது அக்கா பட்டதாரி, அதனால் உனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடையாது என்றுவிட்டார்கள். கல்விக் கடன் வாங்கித்தான் படித்தான். ஏன்டா நான் படித்தேன் என்று நான் நினைத்த ஒரே நாள் அதுதான்.

2015-ல் முடித்தான். ஒரு வருஷம் வாக்-இன் இன்டர்வியூக்களாக அலைந்தான். அப்புறம் சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனால் ஏஜென்ட் சொல்கிறான், "ப்ளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ மட்டும்தான், பி.இ. எடுக்க மாட்டாங்க." ஏன் என்றால் பி.இ. படித்தவன் ஆறு மாதத்தில் ஓடிவிடுவானாம், சம்பளம் கூடக் கேட்பானாம். தம்பி என்ன செய்தான் தெரியுமா? டிகிரி சர்டிபிகேட்டை பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். நடுவில் ஐந்து வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு மாமா கடையில் நின்றேன் என்று சொன்னானாம். நாலு வருஷம் கடன் வாங்கிப் படித்த படிப்பை, படிக்கவே இல்லை என்று சொன்னால்தான் 9,500 ரூபாய் சம்பளம். ஒரே அறையில் ஏழு பேர். ஷிப்ட் மாறி மாறி வந்து ஒரே பாயில் படுப்பார்கள். ஏழு மாதம் ஒரு நாள் லீவு போடாமல் போனான். எட்டாவது மாதம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கேட்டிலேயே ஐடி கார்டை வாங்கிக்கொண்டு, ஏமாற்றிவிட்டாய் என்று அனுப்பிவிட்டார்கள்.

படித்தவன் வேலைக்கு வரமாட்டேன் என்கிறானா? வந்தான். நீங்கள்தான் வெளியே அனுப்பினீர்கள்.

இதைச் சொன்னால் உடனே வருவீர்கள், "ஐடிஐ படிச்சிருக்கலாமே" என்று. படித்திருக்கலாம். ஐடிஐயை நான் குறைத்துப் பேசவே மாட்டேன், ஃபிட்டர், டர்னர் படித்து நன்றாக இருக்கிற பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் கை தட்டிய அத்தனை பேரிடமும் கேட்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளையை ஐடிஐயில் சேர்ப்பீர்களா? உங்கள் பிள்ளைக்கு கோடிங், எங்கள் பிள்ளைக்கு வெல்டிங் என்றால் அது அறிவுரை இல்லை.

"கண்ட காலேஜில் படித்தால் தரம் எங்கே இருக்கும்" என்கிறீர்கள். உண்மைதான். ஒரு காலத்தில் 500-க்கும் மேல் பொறியியல் கல்லூரிகள் திறந்து வைத்திருந்தோம், பல கல்லூரிகளில் லேபில் மெஷினும் இல்லை, பாடம் எடுக்க ஆளும் இல்லை. அனுமதி கொடுத்தது பதினேழு வயசுப் பையனா?

"எல்லாருக்கும் கவர்மென்ட் வேலை மோகம்" என்பது அடுத்தது. 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், அறிவித்த இடங்கள் 6,244, தகுதி பத்தாம் வகுப்பு. எழுதியவர்களில் எத்தனை பட்டதாரிகள் என்று ஏதாவது ஒரு சென்டர் வாசலில் போய் நின்று பாருங்கள். 2019-ல் சட்டமன்றச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு 4,600 பேர், அதில் எம்.டெக்., எம்.பி.ஏ. எல்லாம் உண்டு. அதே வருஷம் கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு 7,000 பேர் வந்தார்கள். இதை மோகம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? மாதம் முதல் தேதி முழுச் சம்பளம், நாளைக்கு வராதே என்று கேட்டில் வைத்துச் சொல்ல முடியாத வேலை. அதைத்தான் கேட்கிறார்கள். அதை ஒரு தனியார் முதலாளி கொடுத்தால் வெல்டிங் அடிக்கவும் வரிசையில் நிற்பார்கள்.

படித்தது தப்பில்லை. திரும்பவும் சொல்கிறேன், படித்தது தப்பில்லை. படித்தவனுக்கு ஏற்ற வேலையை உண்டாக்காதது தப்பு, இருக்கிற வேலைக்கு வயிறு நிறையச் சம்பளம் கொடுக்காதது தப்பு. ஆள் இல்லை என்று மைக் பிடிக்கிறவர்கள் மாதம் எவ்வளவு தருகிறோம் என்று மட்டும் சொல்வதே இல்லையே, கவனித்தீர்களா?

தம்பி இப்போது கோவையில் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். டிராயிங் பார்த்து புரோகிராமும் அவனே போடுகிறான், அது அந்தக் கண்ட காலேஜில் படித்ததுதான். கல்விக் கடனைப் போன வருஷம்தான் கட்டி முடித்தோம். சர்டிபிகேட் இன்னும் அந்தப் புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. நேற்று அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டவில்லை. யாரோ காட்டிவிட்டார்கள் போல. போனில், "நான் உங்களைப் படிக்க வச்சது தப்பாம்மா?" என்று கேட்டார்.

கமெண்டில் வருகிறவர்கள் தயவுசெய்து அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.