மறுப்பதென்றால் எழுதிக் கொடுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குப் போகிறவரைத் திருப்பி அனுப்ப இன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தேவையில்லை. "இதுக்குக் கார்டு செல்லாதும்மா" என்ற வாய்வார்த்தை போதும். இந்தத் திட்டத்தின் குறைகளிலேயே மிகப் பெரியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திட்டம் நல்ல திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீடு என்று தொடங்கியது. 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு மாறியது. 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வளர்ந்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ஆனது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு அந்த வரம்பும் கிடையாது. ஆட்சி மாறியும் எந்தக் கட்சியும் இதைக் கைவிடவில்லை. இந்த அட்டையால் உயிர் பிழைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் அதே அட்டையோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். அட்டையைக் காட்டியதும், "அப்ரூவல் வர லேட்டாகும், இப்போதைக்குப் பணத்தைக் கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில். நகை அடகுக்குப் போனது. அறுவை முடிந்த பிறகு கேட்டால், "நீங்களே பணம் கட்டி அட்மிஷன் போட்டீங்க, இனிமே காப்பீட்டுல மாத்த முடியாது" என்று முடித்துவிட்டார்கள். அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, யாருகிட்ட போய் என்னன்னு கேக்குறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால்தான் சிக்கல் புரியும். சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்க வேண்டிய முன் அனுமதிக்கு மருத்துவமனை விண்ணப்பித்ததா, இல்லையா? விண்ணப்பித்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் மறுத்ததா, வெறுமனே தாமதமா? அந்தச் சிகிச்சை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா? அந்த மருத்துவமனைக்கு அந்தப் பிரிவில் அங்கீகாரம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் தவறு செய்தவர் வேறு, முறையிட வேண்டிய இடமும் வேறு. அக்கா கையில் இருப்பது பணம் கட்டிய ரசீது மட்டும். அதை வைத்து இதில் எதையும் நிரூபிக்க முடியாது.

அரசு, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை என்று ஒப்பந்தம் போடுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். நோயாளி எதிலும் கையெழுத்திடவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் திட்டம் நிர்ணயித்திருக்கும் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவமனைகள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதை அரசிடம் பேசித் தீர்க்கட்டும். அந்த வித்தியாசத்தை நோயாளியின் தாலிக் கொடியிலிருந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இது ஒரு தெருவின் கதையும் அல்ல. ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023இல் வெளிவந்த, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையே, பல மாநிலங்களில் பயனாளிகள் கைக்காசு கட்ட நேர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறது.

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று இடமில்லை, வசதியில்லை என்று அனுப்பிவிட, தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. 2018இல் சிவகாந்த் ஜா வழக்கில், ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலர் சிகிச்சை பெற்ற மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவுத் தொகையை மறுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வேறு திட்டம்தான். ஆனால் அந்த நியாயம் ஓய்வூதியக்காரருக்கு மட்டும் உரியதா, தையல்காரருக்குப் பொருந்தாதா?

அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கிடைத்துக்கொண்டிருக்கும் உதவியைக் குறைக்கவோ நிறுத்தவோ போவதென்றால், பொதுவாக 10 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம், அதற்கு ஆதாரமான விதி, மேல்முறையீட்டு வழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் முறையிட்டால் முடிவு வரும்வரை உதவி தொடரும். அங்கேயும் ஏழைகள் படாத பாடு படுகிறார்கள், அது வேறு. ஆனால் அந்தக் காகிதம் கையில் இருப்பதால் வழக்கறிஞர் எங்கே பிடிப்பது என்று தெரிந்து பிடிக்கிறார்.

நமக்கு இப்போது என்ன வழி? 1800 425 3993 என்ற திட்டத்தின் இலவச எண்ணில் உடனே புகாரைப் பதியுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். முன் அனுமதி விண்ணப்பம் என்ன ஆனது என்று கேளுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு இடம் நிரந்தர மக்கள் நீதிமன்றம். மருத்துவமனைச் சேவையும் காப்பீட்டுச் சேவையும் அதன் வரம்புக்குள் வருகின்றன, நீதிமன்றக் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

ஆனால் நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு இத்தனை இடத்துக்கு ஓட யாரால் முடியும்? ஆகவே அரசிடம் நான் கேட்பது ஓர் அரசாணை. அட்டையோடு வந்தவரை எந்த மருத்துவமனை மறுத்தாலும், பணம் கேட்டாலும், அதே இடத்தில் தேதி, நேரம், காரணம், மறுத்தவர் கையெழுத்து, முறையிட வேண்டிய இடம் ஆகியவற்றோடு தமிழில் ஒரு தாள் தர வேண்டும். தராமல் வாங்கிய பணத்தை மருத்துவமனை திருப்பித் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பு மருத்துவமனைக் கணினியில் மட்டும் நின்றுவிடாமல் நோயாளியின் செல்போனுக்கும் குறுஞ்செய்தியாக வர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், கோடிக்கணக்கில் நிதியும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும்.