லீ மார்வின் ஈவோ ஜிமாவில் சண்டையிட்டாரா?

இரண்டாம் உலகப் போரில் ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் ஜப்பானியத் தீவான ஈவோ ஜிமாவில் சண்டையிட்டு, பின்புறத்தில் குண்டடி பட்டு, நேவி கிராஸ் (வீரத்துக்கான அமெரிக்கக் கடற்படைப் பதக்கம்) வாங்கினார், கூடவே டிவி நடிகர் பாப் கீஷனும் இருந்தார் என்று ஒரு பதிவு வருடக்கணக்காகச் சுற்றுகிறது. தவறு.

மார்வின் மரீன் (அமெரிக்காவின் கடல்சார் தரைப்படை) வீரர்தான். 1944 ஜூனில் பசிபிக் கடலில் உள்ள சைபன் தீவில் குண்டடி பட்டார். பின்புறத்தில் பாய்ந்த குண்டு, காலுக்குப் போகும் பெரிய நரம்பைத் துண்டித்தது. அப்போது வயது 20. (உடலில் காயம் பட்ட இடத்தை மட்டும் பதிவு சரியாகச் சொல்கிறது, தீவுதான் மாறிவிட்டது!) அப்புறம் ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனை வாசம். 1945 பிப்ரவரியில் ஈவோ ஜிமா போர் தொடங்கியபோதும் சிகிச்சையில்தான் இருந்தார். காயத்துக்காகக் கிடைத்தது பர்பிள் ஹார்ட் பதக்கம். நேவி கிராஸ் இல்லை.

சரி, கீஷன்? அவர் மரீனில் சேர்ந்ததே 1945இல், போர் முடியும் தறுவாயில். போர்முனைக்கே போகவில்லை.