இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லையா? அப்போதே கேளுங்கள்

குழந்தைக்கு வலிப்பு. ஒரு மருந்து கொடுத்தார்கள், நிற்கவில்லை. இன்னொன்றைச் சேர்த்தார்கள், அதற்கும் அடங்கவில்லை. அப்புறம் மூன்றாவது, நான்காவது. மாத்திரைதான் கூடுகிறது, பிள்ளை பாதி நேரம் தூக்கக் கலக்கத்தில் கிடக்கிறது. இப்படியே வருடங்களைக் கடத்தும் பெற்றோரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் வகுத்த வரையறை இது. மற்ற வழிகளைப் பேச வேண்டிய நேரமும் அதுதான். எல்லா மருந்தும் தீர்ந்த பிறகு அல்ல.

முதலில் கீட்டோஜெனிக் உணவுமுறை. இது இன்று நேற்று வந்ததல்ல. 1921இலேயே வலிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை ஏற்றினால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்ற பொருளை உண்டாக்கும். சர்க்கரைக்குப் பதிலாக மூளை அதில் ஓடும். கண்டிப்பான முறையில் 4 கிராம் கொழுப்புக்கு, மாவுச்சத்தும் புரதமும் சேர்த்தே 1 கிராம்தான். 2008இல் லண்டனில் வெளியான ஆய்வில், இந்த உணவுக்கு மாறிய குழந்தைகளில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. மாறாதவர்களில் 6 சதவீதம்தான்.

வீட்டில் இது எப்படி நடக்கும் தெரியுமா? ஒவ்வொரு வேளையும் தராசில் கிராம் கணக்கு. கிண்ணத்தில் ஒட்டிய எண்ணெயைக்கூட வழித்து ஊட்ட வேண்டும். இருமல் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இதெல்லாம் அம்மா தலையில்தான் விழுகிறது. வீட்டில் மற்றவர்களும் கை கொடுக்காவிட்டால் இது நிலைக்காது. யூடியூப் பார்த்து நீங்களாகத் தொடங்கவே கூடாது: சில வளர்சிதைமாற்றக் கோளாறு (உணவைச் சக்தியாக மாற்றுவதில் உடலுக்குள்ள குறை) உள்ள குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரலாம். மருந்தையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. சுமார் மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தொடர்வதா என்று மருத்துவர் முடிவெடுப்பார்.

வேகஸ் நரம்புத் தூண்டல் கருவியும் உண்டு. நெஞ்சில் தோலுக்கடியில் வைப்பார்கள்; கழுத்து வழியாகப் போகும் வேகஸ் நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டும். வலிப்பைக் குறைக்கும், முழுதாக நிறுத்துவது அரிது.

ஆனால் பெற்றோர் அதிகம் பயப்படுவது அறுவை சிகிச்சைக்குத்தான். மூளையில் கத்தி என்றால் யாருக்குத்தான் பயம் வராது? டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அறுவைக்கு ஏற்றவர்கள் என்று தேர்ந்த குழந்தைகளில், அது செய்தவர்களில் 77 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் வலிப்பில்லாமல் இருந்தார்கள். மருந்தில் மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம். சிலருக்குக் கை கால் பலவீனம் போன்ற பாதிப்பு வந்ததும் உண்மை. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று எம்ஆர்ஐ ஸ்கேனும், வீடியோ இஇஜியும் (பிள்ளையைப் படம் பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த முறை போகும்போது மூன்றாவது மருந்துச் சீட்டை வாங்கும் முன்னால் இதைக் கேளுங்கள்: "டாக்டர், என் பிள்ளைக்கு அறுவை சிகிச்சையோ உணவுமுறையோ ஒத்துவருமா என்று பார்க்க, வலிப்பு சிறப்பு மையத்துக்கு எழுதித் தருவீர்களா?"