லென்ஸைக் கழற்றும் வரை அது லைக்காதான்

பழைய கேமரா சேர்க்கிற நம்மில் பலர் ஏமாந்த கதையை வெளியே சொல்வதில்லை. சொன்னால் "பார்த்து வாங்கியிருக்கணும்" என்று முதலில் வருகிற குரலே நம் கூட்டத்தில் ஒருவருடையதாகத்தான் இருக்கும். அந்த வெட்கத்தை வைத்துத்தான் ஏமாற்றுகிறவர்கள் கடை நடத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

"லைக்கா 2. தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. எனக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. பரிசோதிக்கவில்லை." விளம்பரம் இவ்வளவுதான். லைக்கா என்றால் சேர்ப்பவர்கள் தேடி அலைகிற ஜெர்மன் கேமரா. எட்டுப் படங்கள். மேல்தட்டில் பொறித்த எழுத்து, வரிசை எண், தோலுறை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எட்டிலுமே லென்ஸ் மாட்டியே இருந்தது. ஆசையில் இருந்த கண்ணுக்கு அது உறைக்கவில்லை.

பார்சல் வந்த அன்று லென்ஸைத் திருகிக் கழற்றினேன். உள்ளே மேல்பக்கத்தில், தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் சின்னக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். லைக்காவில் அதன் நுனியில் உருளுகிற குட்டிச் சக்கரம் இருக்கும். என் கையில் இருந்ததில் ஆப்பு மாதிரி சரிவாக ஓர் உலோகத் துண்டு. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

லைக்கா 2 வந்தது 1932இல். அதைப் பார்த்து கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் கேமராவும், மாஸ்கோவுக்குப் பக்கத்து கிராஸ்னகோர்ஸ்கில் 1948 முதல் ஜோர்க்கியும் செய்தார்கள். பிற்காலத்தில் யாரோ அவற்றின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு லைக்கா என்று பொறித்து விற்க ஆரம்பித்தார்கள். வரிசை எண்ணையும் அப்படியே பொறித்துவிடலாம், அதனால் எண்ணை நம்பிப் பயனில்லை. உண்மையில் ஜோர்க்கி நல்ல கேமரா. அந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

வாங்கிய இணையத் தளத்தில் புகார் கொடுத்துவிட்டு, விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், "சார், எனக்கே தெரியாது சார்." அவர் ஏற்கெனவே விற்றவற்றைப் போய்ப் பார்த்தால் அதே தாத்தாவின் பெட்டியிலிருந்து இன்னும் மூன்று 'லைக்கா' போயிருக்கிறது. அதைப் பற்றி நான் கேட்டதும் அவர் குரல் மாறியது. "பாதிப் பணம் திருப்பித் தர்றேன், கேமராவை நீங்களே வச்சுக்குங்க, அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுடுங்க." மறுத்தேன். அடுத்து, "முதல்ல புகாரை மூடுங்க சார், நாளைக்கே முழுப் பணமும் அனுப்பிடறேன்."

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை புகாரை மூடவே கூடாது. பெரும்பாலும் மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. "நாளைக்கு, நாளை மறுநாள்" என்று இழுப்பதெல்லாம் கெடு தாண்டட்டும் என்றுதான். உதாரணத்துக்கு, பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் முறையிட வேண்டும். முறையிட்ட 20 நாளுக்குள் அதைப் பேபாலே தீர்த்துவைக்கும் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். "கட்டணம் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவது மாதிரி அனுப்புங்க" என்று கேட்கிற ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள். அப்படி அனுப்பிய பணத்துக்கு அங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பாதிப் பணத்தை நான் ஏன் வாங்கவில்லை என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். வாங்கியிருந்தால் எனக்குத் தலைவலி விட்டிருக்கும், நிஜம்தான். ஆனால் அந்த ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து அடுத்து ஒருவர் வாங்குவார். அவர் இப்போதுதான் சேர்க்கத் தொடங்கிய பிள்ளையாக இருந்தால் இந்த ஆர்வத்தையே விட்டுவிடுவார். அதற்கு என் பெயர் சாட்சியாக இருக்க வேண்டாம்.

என்னைக் காப்பாற்றியவை மூன்றே. பார்சலை முகவரிச்சீட்டு தெரிகிற மாதிரி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரித்தது. விளம்பரம் மாறுவதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது. பேச்சு முழுவதையும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டது. "வாட்ஸ்அப்புக்கு வாங்க சார்" என்று நாலு முறை கூப்பிட்டார், போகவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பேச்சு என் வாய்த்துடுக்கைப் பற்றியதாக மாறியிருக்கும். டிராக்கிங் எண்ணோடு கேமராவைத் திருப்பி அனுப்பினேன். முழுப் பணமும் வந்தது.

மூன்று வாரம் கழித்து அதே கேமராவைத் திரும்பப் பார்த்தேன். வேறு பெயரில் விற்பனையாளர், அதே தாத்தா பெட்டி. தோலுறையின் பித்தளைப் பொத்தானுக்குக் கீழே இருந்த பிறை மாதிரிக் கீறலை எனக்கு நன்றாகத் தெரியும். என் படங்களையும் பழைய புகார் எண்ணையும் சேர்த்து அன்றிரவே தளத்துக்கு எழுதினேன். விற்பவருக்கும் பொதுக் கேள்வியாக ஒரு வரி போட்டிருக்கிறேன்: "லென்ஸைக் கழற்றி ஒரு படம் போட முடியுமா?"

இன்னும் பதில் வரவில்லை. விளம்பரம் இந்த நிமிடம் வரை அங்கேதான் இருக்கிறது.