மதத்தைச் சொல்லி வாடகைக்கு மறுக்க முடியுமா? ஒரு திருத்தம்
"அமெரிக்காவில் மத நம்பிக்கை என்று சொன்னால் போதும், வீட்டுக்காரர் யாருக்கும் வீடு தர மறுக்கலாம்" என்று சிலர் சொல்வது தவறு. கலிபோர்னியாவின் சிக்கோ நகரில், மணமாகாத ஜோடிக்கு வீடு தர மறுத்த கிறிஸ்தவப் பெண்மணி இதே வாதத்தைத்தான் வைத்தார். 1996-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டை வாடகைக்கு விடும்படி மதம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்றது நீதிமன்றம். மனம் ஒப்பாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அந்தப் பணத்தை வேறெதிலாவது போடலாம் என்றும் சொன்னது. (மணமானவரா இல்லையா என்று பார்த்து வீடு மறுக்கக்கூடாது என்ற பாதுகாப்பு அந்த மாநிலச் சட்டத்தில் உள்ளது, நாடு முழுவதற்குமான கூட்டாட்சி வீட்டுரிமைச் சட்டத்தில் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

மதம், இனம் போன்றவற்றைப் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் 1968 கூட்டாட்சி வீட்டுரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: அதைப் பெற, நான்கு குடியிருப்புகளுக்கு மிகாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருக்க வேண்டும். அப்போதும் "கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று விளம்பரம் தரக்கூடாது. இனம் பார்த்து மறுத்தால் 1866 குடிமை உரிமைச் சட்டம் பாயும்.