கதவு மூடுவதற்கு முன் நடப்பதும் வேலைதான்

2025 ஆகஸ்ட் 16 அதிகாலையில் ஏர் கனடாவின் 10,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கனடாவில் கோடை விடுமுறை. யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போய்த் திரும்பும் காலமும் அதுதான். பயணம் தடைப்பட்டவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தை வெறும் சம்பள உயர்வுச் சண்டையாக மட்டும் பார்க்கக் கூடாது.

வட அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் கேபின் பணியாளருக்கு மணிக்கணக்கில் சம்பளம். அந்த மணி எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். பிரேக்கைத் தளர்த்தி விமானம் கேட்டை விட்டு நகரும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். போய்ச் சேர்ந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும் நின்றுவிடும். இடையில் உள்ளது மட்டுமே முழுச் சம்பள நேரம். மற்றதற்குப் பல காலமாகச் சாப்பாட்டுப் படி போலச் சிறு தொகைதான் கிடைத்துவந்தது.

அந்த "மற்ற" நேரத்தில் என்ன நடக்கிறது? புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது முன்பே வந்து பிரீஃபிங்கில் உட்கார வேண்டும். யாருக்கு எந்தக் கதவு, வழியில் எங்கே குலுங்கும், சக்கர நாற்காலிப் பயணிகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். விமானத்துக்குள் போனதும் அவரவர் பகுதியில் சோதனை. தீயணைப்பான், ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டிலும் முள் சரியான அளவில் நிற்கிறதா, புகைமுகமூடியின் உறை பிரியாமல் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியின் சீல் உடைந்திருக்கிறதா, டார்ச் எரிகிறதா, கதவிலுள்ள அவசரச் சறுக்கு ஸ்லைடின் காற்றழுத்தம் சரியா என்று பார்க்க வேண்டும். தான் உட்காரும் மடக்கு இருக்கை எழுந்தவுடன் தானாக மேலே மடிகிறதா என்பதும் முக்கியம். மடியாவிட்டால் அவசரத்தில் அதுவே வழியை அடைத்துவிடும்.

மெகாபோனை அழுத்திப் பார்ப்பது சடங்கு போலத் தெரியலாம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது மோதித் தீப்பிடித்தது. உள்ளே ஒலிபரப்பு வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாபோனிலும் குரலிலும்தான் வழிநடத்தினார்கள். எட்டு வழிகளில் மூன்றை மட்டும் பயன்படுத்தி, அந்த விமானத்திலிருந்த 379 பேரும் வெளியே வந்தார்கள்.

அடுத்தது போர்டிங். சிரித்த முகத்தோடு வரவேற்பது வெளியே தெரிகிற பாதி. வருபவர் குடித்திருக்கிறாரா, உடம்புக்கு முடியாமல் இருக்கிறாரா என்று அந்தச் சில நொடிகளில் கணிப்பது மற்றப் பாதி. அவசர வழி வரிசையில் சிறுவரோ, கதவைத் தூக்க முடியாதவரோ உட்காரக் கூடாது. ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் மூன்று இருக்கைகளுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகள்தான் இருக்கும். அதனால் ஒரே பக்க மூன்று இருக்கைகளில் இரண்டு மடிக்குழந்தைகள் இருக்க முடியாது. குடும்பங்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும்போது இது அடிக்கடி குழம்பும். புறப்பாடு தாமதமாகும்போது பழி வருவதென்னவோ பணியாளர் மேல்தான்.

தலைக்கு மேலுள்ள பைத்தட்டில் இடம் இல்லாமல் கைப்பையைக் கீழே சரக்கறைக்கு அனுப்பும்போது பவர் பேங்கை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். கையோடு கொண்டுபோக 100 வாட் மணிக் கொள்ளளவு வரை தனி அனுமதி வேண்டாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கூடவே கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் மணி. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. லித்தியம் பேட்டரியில் ஹேலான் என்ற தீயணைப்பு வாயுவை அடித்தால் தீ அணையும், உள்ளே சூடு அணையாது. பக்கத்துச் செல் மறுபடி பற்றும். தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். ஐஸ் வைத்தால் சூடு உள்ளேயே அடைபடும். சரக்கறைக்குள் போய் இதையெல்லாம் யார் செய்வது?

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஏர் பூசானின் ஏ321-இல் பின்பகுதிப் பைத்தட்டில் தீ மூண்டது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றனர் விசாரணையாளர்கள். உள்ளே இருந்த 176 பேரும் ஸ்லைடு வழியே இறங்கித் தப்பினார்கள். விமானம் அதுவரை புறப்படவே இல்லை. வட அமெரிக்கக் கணக்கில் அது கடிகாரம் ஓடத் தொடங்காத நேரம்.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணிகள் ஏறி முடித்ததும் கதவை மூடி, ஸ்லைடை "ஆர்ம்" செய்வார்கள், அதாவது கதவைத் திறந்தாலே தானாக விரியும் நிலையில் வைப்பார்கள். எதிர்க் கதவில் நிற்பவர் அதைச் சரிபார்ப்பார். போய் நின்றதும் "டிஸ்ஆர்ம்" செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். மறந்து உள்ளிருந்து திறந்தால் ஸ்லைடு சில நொடிகளில் பீறிட்டு விரியும். கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. மாற்று ஸ்லைடு கிடைக்கும் வரை அந்தக் கதவு இல்லாத கணக்குதான், ஏற்றும் பயணிகளைக் குறைக்க வேண்டும் அல்லது விமானமே நிற்க வேண்டும். இவ்வளவு கவனம் கேட்கும் இந்த இரண்டு செயல்களும் சம்பளக் கடிகாரம் தொடங்குவதற்குச் சற்று முன்பும் நின்றதற்குச் சற்றுப் பின்பும் நடக்கின்றன.

"மணிச் சம்பள விகிதத்திலேயே தரை வேலையும் அடக்கம்" என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றேகால் மணி நேரப் பயணம் ஒரே நாளில் நான்கு என்றால் சம்பள நேரம் 5 மணி. முன்கூட்டி வரும் ஒரு மணி, நடுவில் 50 நிமிடமாக மூன்று இடைவெளி, கடைசியில் கால் மணி எல்லாம் சேர்த்தால் பணியில் இருந்தது எட்டே முக்கால் மணி. 14 மணி நேர நீண்ட பயணம் போகிறவருக்குப் பணி நேரம் சுமார் பதினைந்தேகால், அதில் 14-க்குச் சம்பளம். போர்டிங் ஒரே தடவை. நல்ல பயணங்கள் சீனியாரிட்டிப்படிதான் கிடைக்கும். ஆகவே குறைந்த விகிதம் வாங்கும் புதியவர்தான் குறும்பயணங்களில் அதிகமான சம்பளமில்லா நேரத்தைச் சுமக்கிறார். ஒரே விகிதத்துக்குள் எல்லாம் அடக்கம் என்ற வாதம் இங்கே உடைகிறது.

டெல்டா 2022-இல் போர்டிங் நேரத்துக்குப் பாதி விகிதம் கொடுக்கத் தொடங்கியது. ஏர் கனடா வேலைநிறுத்தம் தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் கனடா அரசு தொழிற்சட்டத்தின் 107-ஆம் பிரிவை எடுத்து, பணியாளர்களை வேலைக்குத் திரும்ப உத்தரவிடும்படி தொழிலுறவு வாரியத்தைப் பணித்தது. சங்கம் பணியவில்லை. ஆகஸ்ட் 19-ஆம் தேதி வந்த உடன்பாட்டில் ஒற்றை நடைவழி விமானத்துக்கு 60 நிமிடம், பெரிய விமானத்துக்கு 70 நிமிடம் தரைச் சம்பளம், பாதி விகிதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் கொஞ்சம் கூடும். ஊதியப் பகுதியை மட்டும் செப்டம்பரில் வாக்களித்த உறுப்பினர்களில் 99.1 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

இது பெரிய முன்னேற்றம்தான், ஆனால் பாதி விகிதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பணிக்கு வந்து கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து கடைசிப் பயணி இறங்கிப் பணியாளரும் விடுவிக்கப்படும் நிமிடம் வரை முழு விகிதம் தர வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் சங்கங்கள் இதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.